புத்தகத்துக்குள் மடித்து வைத்த தாள்

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்புக்கு மனித இனப்பெருக்கப் பாடத்தை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பலர் தாண்டிப்போகும் பாடம் அது. நான் தாண்டியதில்லை. விந்தகம், அதன்மேல் 6 மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கும் எபிடிடைமிஸ், விந்துநாளம், புரோஸ்டேட் சுரப்பி என்று கரும்பலகையில் வரைந்து, பாகம் குறித்து, கூசாமல் விளக்குவேன். ஆனால் சொந்த உடம்பு என்று வந்தபோது அந்தப் பாடத்தில் ஒரு வரியைக்கூட நான் நம்பவில்லை.

2008இல் எங்களுக்குத் திருமணம். நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. மாதந்தோறும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் மனைவிக்குத்தான். அந்த எக்ஸ்ரே அன்று வலி தாங்காமல் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடியே வீடு வந்தாள். எனக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, கத்தி இல்லை. அதையும் 'பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போனேன்.

2012இல் யாருக்கும் சொல்லாமல் வெளியூருக்குப் போய் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டேன். ஒரு மில்லிலிட்டரில் 40 லட்சம் விந்தணுக்கள் என்று முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் அப்போது வைத்திருந்த கீழ் எல்லை 1.5 கோடி. தாளை நான்காக மடித்து விலங்கியல் புத்தகம் ஒன்றுக்குள் வைத்தேன். ஒன்றரை ஆண்டு அது அங்கேயே இருந்தது.

ஆண்மையே போய்விட்டது என்று பயந்தேன். அது எவ்வளவு பெரிய அறியாமை என்று என் மாணவனே சொல்லியிருப்பான். விந்தகத்துக்குள் நடப்பவை இரண்டு தனித்தனி வேலைகள். டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பவை லீடிக் செல்கள். விந்தணு உருவாவது நுண்குழல்களில். ஒன்று குறைந்தாலும் மற்றது குறையாமல் இருக்கலாம். வெளிவரும் திரவத்திலும் பெரும்பகுதி விந்துப்பையும் புரோஸ்டேட்டும் தருவது. விந்தணுக்களின் பங்கு நூற்றில் ஐந்துகூடக் கிடையாது. அணுவே இல்லாவிட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மீசையோ தாம்பத்தியமோ விந்தணுவின் எண்ணிக்கையைச் சொல்லாது. இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிட்டு, வீட்டில் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஒன்றரை ஆண்டில்தான் அவளுக்கு லேப்ராஸ்கோபி செய்தார்கள். தொப்புளுக்குக் கீழே துளையிட்டு, வயிற்றுக்குள் வாயுவை நிரப்பிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டவன் நான். "வயித்துல ஒரு புழு பூச்சிகூட வைக்கலையே" என்று அம்மா அவள் காதுபடப் பேசியபோதும், கோயில் மரத்தில் தொட்டில் கட்ட அவளை அழைத்துப் போனபோதும் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவளிடம் குறை எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. கணவரின் பரிசோதனை எங்கே என்று மருத்துவர் மறுபடியும் கேட்டார். அன்று இரவு புத்தகத்தைத் திறந்து தாளை அவள் கையில் கொடுத்தேன். எண்ணிக்கையை அவள் பார்க்கவில்லை. தேதியைத்தான் பார்த்தாள்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. பல நாள் பேசவும் இல்லை.

எனக்கு இருந்தது வெரிகோசீல். விந்தகத்திலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகள் புடைத்துப்போவது. பெரும்பாலும் இடப்பக்கம் வரும். விந்தணு உருவாக விதைப்பை உடம்பின் சூட்டைவிட 2, 3 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தேங்கும் ரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கும். அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஒரு விந்தணு முழுதாக உருவாக ஏறத்தாழ 74 நாளாகும் என்பதால் மூன்று மாதம் பொறுத்துப் பரிசோதித்தார்கள். எண்ணிக்கை ஏறியிருந்தது. அவளுக்கு அப்போது 35 வயது முடிந்திருந்தது. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. முன்பே சொல்லியிருந்தால் பிறந்திருக்குமா என்பதற்கு எந்த மருத்துவரும் பதில் தர முடியாது. அந்த ஒன்றரை ஆண்டை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவிடம் நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. "சொல்லிடுங்க" என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை. குறை மருமகளிடம்தான் என்று நினைத்தபடியே அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி ஆறு மாதம் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டவள் அந்த மருமகள்தான்.

அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதியிருக்கிறேன். குறை என்னிடம் இருந்தது. எனக்கு அது தெரிந்தும் இருந்தது.