பதினேழு பேர்

எங்கள் வீட்டுச் சுவரில், கதவு நிலைக்கு மேலே, பென்சிலால் எழுதப்பட்ட சில திகதிகள் நெடுங்காலம் அழியாமல் இருந்தன. வவுனியாவுக்கு வடக்கே ஒரு குளக்கட்டுக் கிராமம் அது. காக்கிக் காற்சட்டை அணிந்தவர்கள் பம்புகளைச் சுமந்து வந்து சுவரெங்கும் டி.டி.ரி. தெளித்துவிட்டு, அன்றைய திகதியையும் எழுதிவிட்டுப் போவார்கள். அம்மா சட்டி பானைகளையெல்லாம் முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரிற் படிந்த வெள்ளையைப் பார்த்து முணுமுணுப்பார். அம்மம்மாவோ அவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். அவர் உடன்பிறந்தோர் இருவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். கொயினாவின் கசப்பைப் பற்றி அவர் பேசும்போது முகமே கோணிப்போகும்.

அந்த மருந்தும் பம்பும் எங்கிருந்து வந்தன என்பதை நான் பத்திரிகையாளனாகிப் பல வருடங்களுக்குப் பின்னரே விசாரித்து அறிந்தேன்.

1934 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோயை இன்று நினைவுகூருவோர் மிகச் சிலர். மழை பொய்த்து, வழமையாக நிறைந்தோடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகிய வேளையில், அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. காய்ச்சலோடு வாழ்ந்து பழகிய வரண்ட பிரதேசத்தைவிட, அதற்குப் பழக்கப்படாத கேகாலைப் பக்கமே மோசமாக அடிபட்டது. ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். குடியேற்ற அரசின் மந்தத்தைக் கண்டு பொறுக்காமல் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுசென்ற சூரியமல் இயக்க இளைஞர்களே பின்னர் இந்நாட்டின் இடதுசாரி இயக்கத்தின் தலைவர்களானார்கள். என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் அவர்களுள் அடங்குவர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டி.டி.ரி. வந்தது. 1946 இல் சுமார் 28 இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர் தொகை, 1963 இல் வெறும் 17 ஆகக் குறைந்தது. அச்சுப்பிழை அல்ல, பதினேழேதான். 1955 இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆரம்பித்த உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டமும் அமெரிக்க நிதியுதவியும் இதற்குப் பின்னால் இருந்தன. ஆயினும் சுவர் சுவராகத் தெளித்தவர்கள் எங்களுடைய மலேரியா தடை இயக்கத்தின் ஊழியர்களே. (காய்ச்சல் விலகியதால்தான் வரண்ட வலயத்தில் பாரிய குடியேற்றத் திட்டங்கள் சாத்தியமாயின என்பதையும், அக்குடியேற்றங்கள் எத்தகைய அரசியலுக்கு வித்திட்டன என்பதையும் தமிழ் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நல்ல காரியங்களின் நிழல் எங்கெல்லாம் விழுகிறது!)

பதினேழு என்ற எண் எல்லோரையும் மயக்கிவிட்டது. 1964 அளவில் மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது. இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலையும் தளர்ந்தது. நோயே இல்லாத இடத்தில் நோய்க்கு எதற்குப் பணம் என்று கேட்பவருக்கு எந்த நிதி அதிகாரியால் பதில் சொல்லமுடியும்? எலஹெரவில் இரத்தினக்கல் தேடித் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது. பல ஊர்களிலிருந்தும் அங்கே கூடிய மக்கள் காய்ச்சலை வாங்கித் தத்தம் ஊர்களுக்குக் கொண்டுசென்றனர். 1969 இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். ரேச்சல் கார்சனின் நூலினால் டி.டி.ரி. நிறுத்தப்பட்டதாகவும், அதனாலேயே இலங்கையில் மலேரியா மீண்டதாகவும் மேல்நாட்டில் ஒரு கதை உலவுகிறது. வெற்றி கிடைத்துவிட்டது என்று நம்பியதே காரணம். மீண்டும் தெளிக்க முற்பட்டபோது நுளம்பு அம்மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. 1977 இல் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று.

பின்னர் போர் வந்தது. இங்கே என் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1999 இல் நாடெங்கும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும்தான். அந்தப் புள்ளிவிபரம் என் மேசைக்கு வந்த நாளில் களமுனைச் செய்திகள் குவிந்திருந்தன. ஐந்தாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக அதைப் போட்டோம். செல் விழுந்து இறப்பவன் செய்தியாகிறான், காய்ச்சலில் இறப்பவன் எண்ணிக்கையாகிறான் என்ற எமது தொழிலின் கணக்கு அன்று எனக்கு உறுத்தவில்லை.

வன்னியில் அப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த நண்பர் ஒருவர் பின்னாளில் சொன்னவை உறுத்தின. கொழும்பின் சம்பளத்தில், கொழும்பின் அதிகாரம் செல்லாத பிரதேசத்தில் வேலை செய்தவர் அவர். மருந்துப் பொருட்கள் செல்வதற்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்த காலம். "குளோரோகுயின் எப்ப வரும், எவ்வளவு வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இரத்தம் பூசின கண்ணாடித் தகடுகளைக் கைலேஞ்சியிலை சுத்தி, போறவை வாறவையிட்டைக் குடுத்துவிடுவம். பெறுபேறு வாறதுக்குள்ளை காய்ச்சல்காரன் செத்திருப்பான், இல்லாட்டி எழும்பித் தோட்டத்துக்குப் போயிருப்பான்" என்றார். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், ஐ.நா. நிறுவனங்கள், அரசாங்கச் சுகாதார உத்தியோகத்தர்கள், அப்பகுதியைக் கட்டுப்படுத்திய புலிகள் என்று ஒருவரையொருவர் நம்பாத பலரும் நுளம்பு விடயத்தில் மட்டும் ஏதோ ஒருவகையில் ஒத்துப்போனார்கள்.

2002 இல் போர்நிறுத்தம் வந்தது. அதே வருடம் எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்ப்பதற்கான உலகளாவிய நிதியமும் ஜெனீவாவில் உருவானது. அதன் பணம் மருந்தூட்டிய நுளம்பு வலைகளாகவும் விரைவுப் பரிசோதனைகளாகவும் நடமாடும் சிகிச்சை நிலையங்களாகவும் எல்லைக் கிராமங்களை அடைந்தது. போர் மீண்டும் மூண்டும் நோய் மீளவில்லை. 2008 இல் நாடு முழுவதிலும் நோயாளர் ஆயிரத்துக்கும் குறைவு. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல் பதிவானார். 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

அந்தச் செய்தியைப் படித்ததும் நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மகிழ்ந்தார், ஆனால் "பதினேழை மறந்திடாதையுங்கோ" என்றார்.

அறிவிப்பு வந்த அதே வருட முடிவில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நகரங்களின் நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகக்கூடியது அது. ஆறு வற்றும்வரை காத்திருக்கவேண்டிய தேவை அதற்கில்லை. அதே நுளம்புதான் 2012 முதல் ஜிபூட்டியிலும் பின்னர் எத்தியோப்பியாவிலும் நகர்ப்புற மலேரியாவைக் கொண்டுவந்தது. நோய் குறைந்து வருமானம் உயர்ந்த நாடுகளுக்கு உதவியைப் படிப்படியாக நிறுத்துவது நிதியத்தின் விதி. வறிய நாடுகளின் தேவையை எண்ணினால் அதில் நியாயம் உண்டு. எனினும் 1964 இல் பணத்தை நிறுத்தியவர்களும் நியாயமாகத்தான் நடந்ததாக நினைத்தார்கள்.

2025 இல் அமெரிக்கா யு.எஸ்.எய்ட் நிறுவனத்தையே கலைத்துவிட்டது. அதே வருடம் மே மாதம் ஜெனீவாவில் கொள்ளைநோய் உடன்படிக்கையை நாடுகள் ஏற்றுக்கொண்டபோது அமெரிக்கா அங்கே இருக்கவில்லை. 2023 இல் மாத்திரம் உலகில் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் மலேரியாவால் இறந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆபிரிக்கர். அங்கு தெளிப்பு நின்றால் இங்கு எமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம்.

சில மாதங்களுக்கு முன்னர் நண்பரின் அயலவரின் மகன் ஆபிரிக்க நாடொன்றில் கட்டுமான வேலை முடித்துத் திரும்பினான். பத்தாம் நாள் காய்ச்சல். தனியார் டொக்டர் டெங்கு என்று சொல்லி இரண்டு தடவை இரத்தம் பார்த்தார். டெங்கு இல்லை என்றதும் வைரஸ் காய்ச்சல் என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் படித்து வெளியேறிய காலத்தில் இந்நாட்டில் மலேரியா நோயாளி ஒருவரைக் கண்டிருக்கவே மாட்டார். நண்பர்தான், எண்பதை நெருங்கும் வயதில், கைத்தடியுடன் போய் வாசலில் நின்று, "தம்பி, எந்த நாட்டிலையிருந்து வந்தனி?" என்று கேட்டிருக்கிறார். அன்று பிற்பகலே மலேரியா தடை இயக்கத்தின் பிராந்தியக் காரியாலயத்தில் இரத்தம் எடுத்தார்கள். மலேரியாதான். மருந்து கையிருப்பில் இருந்தது, இலவசமாகவே கொடுத்தார்கள். மறுநாள் இருவர் வந்து அயலிலுள்ள கிணறுகளையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.