மழை ஊரில் ஒரு சிவப்புக் கார்

தைப்பிங்கில் யாராவது கார் கழுவிக்கொண்டிருந்தால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். "மூணு மணிக்கு மழை வந்து கழுவிடப் போகுது, எதுக்கு இந்த வேலை?" என்பார்கள். அதில் நியாயமும் உண்டு. தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கியது எங்கள் ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். கிழக்கே சுவர் மாதிரி நிற்கும் புக்கிட் லாரூட் மலையில் மேகம் முட்டிக்கொண்டு நின்று, மதியத்துக்கு மேல் ஊரின் தலையில் கவிழும். இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்கள் எனக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் தாத்தா அதில் ஒரு சைக்கிளையே இழந்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. அவர் அம்மா வழித் தாத்தா என்பதால், அப்பா இந்தக் கதையைக் கூடுதல் உற்சாகத்தோடு சொல்வார்.

அந்த ஊரில்தான் என் அப்பா 35 ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் கார் கழுவுகிறார்.

கார் என்றால் 1990ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா. நாட்டின் முதல் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. இரயில்வேயில் வேலை பார்த்த அப்பா ஐந்து வருடம் காசு சேர்த்து, சிவப்பு நிறத்தில் ஒன்றை வாங்கினார். கார் வந்த அடுத்த மாதம் நான் பிறந்தேன். யாராவது "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால், "மூணு. மூத்தது வாசல்ல நிக்குது" என்பார்.

போன மாதம் நான் தைப்பிங்குக்குப் போனது அந்த மூத்த பிள்ளையின் சாவியை வாங்க.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். நேரே இருப்பது தெரிகிறது, ஓரங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வருகின்றன. இனி கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிவிட்டது. அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஓட்டுவதையும் நிறுத்தவில்லை. அம்மா எனக்குப் போன் அடித்து அழுதார். ஜொகூர் பாருவில் இருக்கும் தம்பியோ, "அக்கா, நீயே பேசு. பேசறதுதானே உன் தொழில்" என்று கைகழுவிவிட்டான். நேயர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மைக் முன்னால் நான்கு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள் எல்லாரும் வீட்டில் பேசத் தெரிந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை மாலை கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஈப்போவைத் தாண்டும்போது சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மெனோரா சுரங்கத்தைக் கடந்து கோலகங்சார் பக்கம் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அந்த நேரத்தில்தான் பூச்சிகள் வரும். கண்ணாடியில் மழைத்துளி விழுவது மாதிரி சத்தம், ஆனால் மழை இல்லை. சங்காட் ஜெரிங் டோலில் வெளியேறி வீடு சேர்ந்தபோது மணி எட்டரை.

அப்பா டார்ச் லைட்டோடு வெளியே வந்தார். என் முகத்துக்கு முன்னால் என் காரின் முகத்தைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, எம்புட்டுப் பூச்சி! ராத்திரியே ஊறப் போடு. காலையில வெயில் பட்டா காஞ்சு பெயிண்ட்டத் தின்னுடும்."

பழைய துண்டை ஷாம்பூ தண்ணீரில் நனைத்து பம்பரின் மேல் விரித்தார். அரை மணி நேரம் கழித்து எடுத்தபோது பூச்சிகள் துண்டோடு வந்துவிட்டன. நானாக இருந்தால் நகத்தால் சுரண்டியிருப்பேன்.

பிறகு கையை என் பானெட்டின் மேல் மெதுவாக ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க என்ன? பறவை எச்சமா? எத்தன நாளு விட்ட?"

பத்து நாள். நிலையத்துக்கு வெளியே திறந்தவெளியில் நிறுத்துகிறேன், மைனாக்களுக்கு அங்கே மாநாடு. நிகழ்ச்சி, கூட்டம், அடுத்த நிகழ்ச்சி என்று ஓடியதில் அப்படியே விட்டுவிட்டேன். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து செராமிக் பூச்சு போட்டிருக்கிறோமே என்ற தைரியமும்தான். எச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. வெயிலில் பெயிண்ட் சூடாகி இளகும், ராத்திரி குளிர்ந்து இறுகும். இறுகும்போது எச்சத்தின் தடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பூச்சு என்ன போட்டிருந்தாலும் அன்றன்றைக்கு எடுத்தால்தான் உண்டு. ஈரமான டிஷ்யூவை இரண்டு நிமிடம் மேலே வைத்து, இளகியதும் தேய்க்காமல் தூக்கி எடுக்கவேண்டும். இதை அப்பா எனக்குப் பள்ளிப் பருவத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்த மங்கலான விளக்கொளியில் எனக்கே அந்தத் தடம் தெரியவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்தது.

சாவிப் பேச்சை நான் எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாளி இழுபடும் சத்தம். தைப்பிங்கில் கார் கழுவ நேரம் என்றால் அதுதான். வெயில் ஏறுவதற்குமுன், தகரம் குளிர்ந்திருக்கும்போது. சூடான தகரத்தில் சோப்புத் தண்ணீர் கழுவுவதற்குமுன் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

"மழைதான் தினம் கழுவுதே அப்பா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"மழை எங்கம்மா கழுவுது? காத்துல இருக்கிற தூசியெல்லாம் கொண்டாந்து காருமேல வச்சுட்டு, தண்ணி மட்டும் ஆவியாப் போயிடுது. அத நாமதான் எடுக்கணும்."

எதிரே சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டே பார்க்கலாம் என்றிருந்தேன். "நீயும் வா" என்று இரண்டாவது வாளியை நீட்டினார். ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் ஷாம்பூவில் முக்கவேண்டும். அழுக்கைக் கழுவி அதே அழுக்கை மறுபடி காரில் தேய்க்கிறவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அதற்கும் முன்னால், எதையும் தொடாமல் குழாயால் கூரையிலிருந்து கீழ்வரை தண்ணீர் அடித்து மணலை இறக்கவேண்டும். வெயிலில் பார்த்தால் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறதே, அது பெரும்பாலும் நாம் அன்போடு தேய்த்ததில் வந்ததுதான். பாத்திரம் கழுவும் சோப்பை அப்பா காருக்குக் கிட்டவே விடமாட்டார், அது மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கீழே விழுந்த துணியையும் அவர் மறுபடி பெயிண்ட்டில் வைத்து நான் பார்த்ததில்லை. அது டயருக்குப் போய்விடும்.

பாத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏழு வயதில் அப்பாவுக்கு உதவுகிறேன் என்று அடுப்படியிலிருந்து பச்சை ஸ்க்ரப்பரை எடுத்துவந்து வலது பின்கதவைத் தேய்த்துவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கதவை ஒவ்வொரு முறை கழுவும்போதும், "இது உன் கையெழுத்து" என்பார். அன்றும் சொன்னார்.

ஆனால் அன்று நான் இன்னொரு கையெழுத்தையும் பார்த்தேன். சாகா எப்போதும் போர்ச்சில் இடதுபக்கம் சுவரை ஒட்டி நிற்கும். அந்தப் பக்கத்தைக் கழுவ நான்தான் ஒருக்களித்து நுழைந்தேன். முன் சக்கரத்துக்கு மேலிருந்து கதவு வரை நீளமாக ஒரு கோடு. சிவப்பின் மேல் பச்சை. எங்கள் வீட்டு கேட் பச்சை.

நான் துணியோடு அப்படியே நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் சத்தம் நின்றது.

"பாத்துட்டியா" என்றார் அப்பா.

காரை முன்னால் நகர்த்தச் சொல்லி சாவியை என்னிடம் கொடுத்தார். நகர்த்தினேன். காரைத் துடைத்து உலர்த்திய பிறகு சின்ன பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்ட்டைத் தடவினார். வெறுங்கையில் வழவழப்பாகத் தெரிவது, பை போட்டுத் தடவினால் மணல்தாள் மாதிரி நெருடும். மரப்பிசின், இரும்புத்தூள், தண்ணீரில் போகாமல் பெயிண்ட்டோடு ஒட்டிக்கொண்ட எல்லாம் அப்போது தெரிந்துவிடும். அதை எடுக்க கடையில் களிமண் கட்டி மாதிரி ஒன்று கிடைக்கிறது. ஷாம்பூ தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் அதை வழுக்கவிட வேண்டும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்து மடித்துப் பயன்படுத்த வேண்டும். அப்பா இந்தக் கட்டியைப் போன வருடம்தான் கண்டுபிடித்தார். இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்ற வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்து காம்பவுண்ட். சாகாவின் சிவப்பு அந்தக் காலத்துப் பெயிண்ட், மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. வெயில் குடித்துக் குடித்து ரோஜா நிறத்துக்குப் போய்விடும். காம்பவுண்டைத் தொட்டுத் தேய்த்தால் மேலே செத்துப்போன பெயிண்ட் துணியில் சிவப்பாக ஒட்டும், அடியிலிருந்து உயிருள்ள சிவப்பு மேலே வரும். இன்றைய கார்களில் நிறத்தின் மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அவற்றைத் தேய்க்கும்போது துணியில் நிறம் வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள், மேற்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். எந்தக் காராக இருந்தாலும் அடிப்பூச்சிலிருந்து மேற்பூச்சு வரை மொத்தத் தடிமனே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் கொஞ்சம் போகிறது. கழுவுவது வாரம் ஒருமுறை என்றாலும் காம்பவுண்ட் ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்பது அப்பாவின் கணக்கு. விளிம்புகளில் பெயிண்ட் இன்னும் மெல்லியது, அங்கே டேப் ஒட்டிவிடுவார்.

பச்சைக் கோட்டை நான் தேய்த்தேன். கேட்டின் பெயிண்ட் எளிதாகவே வந்துவிட்டது. அதன் அடியில் இருந்த கீறல் அப்படியே இருந்தது. அப்பா பக்கத்தில் வந்து குனிந்து, கட்டைவிரல் நகத்தை அதன் குறுக்கே மெதுவாக இழுத்தார். டிக் என்று சத்தம்.

"நகம் மாட்டுது. இது பாலிஷ்ல போகாது."

"டச்சப் பெயிண்ட் வாங்கிப் பூசலாம்பா. இல்லன்னா துருப் பிடிச்சிடும்."

"பூசலாம்." கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். "அந்தத் தூணு எனக்குத் தெரியவே இல்லம்மா. முப்பது வருசமா அங்கேயேதான் இருக்கு. அன்னிக்கு அது அங்க இல்ல."

நான்கு மணி நேரம் பேசுகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "மெழுகு எங்க?" என்று கேட்டேன்.

மெழுகு டப்பா அவர் அலமாரியில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கார்னோபா மெழுகு. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. காம்பவுண்ட் மாதிரி இது எதையும் தேய்த்து எடுக்காது, மேலே மெல்லிய போர்வையாக நிற்கும். அந்த மெல்லிய என்ற சொல்தான் முக்கியம். தடிமனாக அப்பினால் பாதுகாப்பு கூடாது, துடைத்து எடுக்கும்போது நமக்குக் கைவலிதான் கூடும். பூசிவிட்டுக் காத்திருந்து, பனிமூட்டம் மாதிரி வெளுத்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கவேண்டும். கோடு பளிச்சென்று வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் பொறுக்கவேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் மட்டும் பட்டுவிடக் கூடாது, வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இரண்டு இடத்தில் பட்டது. அப்பா பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்து வந்து கொடுத்தார், அவர் தேய்க்கவில்லை. எங்கள் வெயிலுக்கும் மழைக்கும் இந்த மெழுகு சில வாரங்கள்தான் தாங்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

எல்லாம் முடியும்போது மணி பன்னிரண்டு. சாகா சிவப்பாக நின்றது. அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்து, பேசினாயா என்று புருவத்தால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

சாப்பிட்ட பிறகு அப்பாவே, "தாமான் தாசேக் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார். ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாகி, 1880இல் பூங்காவான இடம். ஏரிக்கரையில் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். இப்போது அந்த மரங்களுக்கு அடியில் கார் விடுவதில்லை, நடப்பவர்களுக்கு மட்டும். முன்பு விட்ட காலத்திலும் அப்பா சாகாவை அங்கே நிறுத்தியதில்லை. மேலேயிருந்து பிசுபிசுப்பாக எதுவோ சொட்டும், பறவைகளும் அதிகம்.

சாவி காலையிலிருந்து என் பாக்கெட்டில்தான் இருந்தது. அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அப்பா வலது கதவைத் தாண்டி, காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போய், இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லை.

ஏரிக்கரையில் திறந்த இடமாகப் பார்த்து நிறுத்தினேன். மலை மறைந்துவிட்டிருந்தது. மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முதல் துளி விழுந்தது, அப்புறம் மொத்தமாக வந்தது. நடந்துகொண்டிருந்தவர்கள் மரங்களுக்கு அடியில் ஓடினார்கள். நான் வைப்பரைப் போடக் கையை நீட்டினேன்.

"போடாத" என்றார் அப்பா. முன்னால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பானெட்டுல தண்ணி எப்படிம்மா நிக்குது? பரவி நிக்குதா, உருண்டு நிக்குதா?"

"உருண்டு நிக்குதுப்பா. முத்து முத்தா."

"எல்லா இடத்துலயுமா?"

"இடது ஓரத்துல மட்டும் ஒரு கோடு மாதிரி பரவி நிக்குது."

"அது கீறல் இருக்கிற இடம்" என்றார். "அடுத்த தடவ வரும்போது டச்சப் பெயிண்ட் வாங்கிட்டு வா. சிவப்புலயே நாலஞ்சு வகை இருக்கு, நம்பர் பாத்து வாங்கு. கடையில கேட்டா சொல்வாங்க."