வரிப் பதிவேட்டில் இல்லாத தெரு

ஒரு நகராட்சி தன் ஊரை எப்படி அறிந்து வைத்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. புவியியல் படித்து, கணினியில் வரைபடம் தயாரிக்கக் கற்றுக்கொண்டு, காவிரிப் படுகையில் ஒரு நடுத்தர நகராட்சிக்கு ஒப்பந்த ஊழியராகப் போனேன். ஊரில் உள்ள கட்டடங்கள், தெருவிளக்குகள், குடிநீர்க் குழாய்கள், மழைநீர் வடிகால்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்துக்குள் கொண்டுவர வேண்டும். இனிப் போடும் திட்டங்களுக்கு அதுவே அடிப்படை என்று சொன்னார்கள். அந்த வேலை எனக்கு ஒரு பாடம் கற்றுத் தந்தது. இதே வேலைக்கு வரும் இளையவர்களுக்கும், தன் ஊரைப் பற்றிக் கவலைப்படும் யாருக்கும் அது பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி நகராட்சிக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சொத்து வரிப் பதிவேட்டிலிருந்து வந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் எல்லாப் பட்டியலுக்கும் அதுதான் தாய்ப் பட்டியல். வரிவிதிப்பு எண் இருந்தால் குடிநீர் இணைப்புக்கு மனுப் போடலாம். இணைப்பு வந்தால் குடிநீர்க் கட்டணப் பட்டியலில் பெயர் ஏறும். அந்தப் பட்டியலை வைத்து எந்தத் தெருவில் எத்தனை இணைப்பு என்று எண்ணி, குழாயின் விட்டத்தையும் தண்ணீர் விடும் நேரத்தையும் முடிவு செய்வார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகை கணக்கெடுப்பிலிருந்து கிடைக்கும்தான். ஆனால் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் எங்கள் கையில் இருந்தது 2011 எண்ணிக்கை. அதைத் தெருவாரியாகப் பங்கு போடும்போது மறுபடியும் இணைப்புப் பட்டியல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாங்கள் பயன்படுத்திய 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேட்டில், பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குழாய்க் குடிநீர் இருந்தும் பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்று அளவு குறித்திருக்கும். நல்ல அளவுதான். பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு எத்தனை லிட்டர் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

முதல் வேலையாக, ட்ரோன் எடுத்த படத்தின் மேல் ஒவ்வொரு கட்டடத்தின் எல்லையையும் கோடு போட்டு வரைந்தோம். பிறகு பில் கலெக்டர்களோடு தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் வரிவிதிப்பு எண்ணைச் சேர்த்தோம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். எண் கிடைத்த கட்டடத்துக்குப் பச்சை, கிடைக்காததற்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்தேன். பெரும்பாலான ஊர் பச்சையாகிவிட்டது. சிவப்பு அங்கங்கே சிதறிக் கிடந்தது. புதிதாகக் கட்டி இன்னும் வரி போடாத வீடுகள், மாட்டுக் கொட்டகைகள், கோயில் மண்டபங்கள், கூடுதலாக எழுப்பிய கடைகள் எல்லாம் அதில் இருந்தன. அலுவலகத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றியது வரி வருவாய். அதில் தப்பில்லை. வரி வந்தால்தான் ஊருக்கு விளக்கு எரியும்.

ஆனால் ஓரிடத்தில் சிவப்பு சிதறாமல் நீளமாக, நெருக்கமாக இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகும் பாசன வாய்க்காலின் கரை அது. நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடத்துக்கு எதிரே வாய்க்கால் புறம்போக்கு என்று மட்டும் இருந்தது. ட்ரோன் படத்திலோ ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் தோளோடு தோள் உரசி நின்றன. ஊரைக் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டி விற்கும் பெண்கள் குடியிருக்கும் தெரு. நகராட்சிக்காகத் தினமும் விடியற்காலையில் எழுகிறவர்களின் வீடுகள் நகராட்சியின் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அங்கே போனேன். கைப்பேசியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் புள்ளி வைத்துக்கொண்டே போகும்போது, பூ தொடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, எங்கள எழுதிக்கிட்டுப் போறியே, பின்னால தண்ணி லாரி வருமா, ஜேசிபி வருமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த இரண்டில் எதுவும் வரலாம். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லும் நீதிமன்ற உத்தரவுகள் உண்டு. ஏரி ஆக்கிரமிப்புகளுக்கென்றே தமிழ்நாட்டில் 2007இல் தனிச் சட்டம் வந்தது. வாய்க்காலும் முக்கியம். அதை அடைத்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது என்பதைப் படுகையில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் வைக்கும் ஒரு புள்ளி ஒரு குடும்பத்தின் கூரையைப் பிரித்துவிடுமோ என்ற பயம் அன்று முதல் என்னோடேயே இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்: வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். தொழில்நுட்பம் நடுநிலையானது என்று வகுப்பில் படித்தது அந்தக் கரையில் நின்றபோது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

அந்த நாட்களில் இதே கேள்வியைச் சந்தித்தவர்களைத் தேடித் தேடிப் படித்தேன். 1985இல் மும்பை நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஸ்பார்க் என்ற அமைப்பு அந்த மக்களையே சேர்த்துக்கொண்டு அவர்களை எண்ணியது. யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பதிந்தார்கள். கென்யாவின் தலைநகர் நைரோபியில் கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதி 2009 வரை வரைபடங்களில் ஏறக்குறைய வெற்றிடமாகவே இருந்தது. அங்குள்ள இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தில் தங்கள் தெருக்களைத் தாங்களே வரைந்தார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது கராச்சி. அங்கே ஒராங்கி என்ற பகுதியில் அக்தர் ஹமீத் கான் 1980இல் தொடங்கிய திட்டத்தில், மக்கள் தங்கள் பணத்தில் சந்து சந்தாகக் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்கி, குடியிருப்புகளையும் ஓடைகளையும் வரைபடமாக்கினார். அரசின் தாள்களில் இல்லாத எவ்வளவோ குழாய்கள் மக்கள் பதித்து மண்ணுக்குள் ஏற்கெனவே இருப்பதை அந்த வரைபடங்கள் காட்டின. நகரத்தின் ஓரத்துக் கிராமங்களையும் அவர் ஆவணப்படுத்தினார். நிலத்தை வளைப்பவர்களுக்கு அது இடைஞ்சல். 2013 மார்ச் 13 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு வரைபடத்துக்கு இவ்வளவு பலம் உண்டா என்று அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ட்ரோன் படம் ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கிறது. வீடுகளை மறைப்பது என் கையில் இல்லை. அவற்றை எதோடு சேர்த்துக் காட்டுவது என்பது என் கையில் இருந்தது. புறம்போக்கு எல்லையின் மேல் வெறும் சிவப்புக் கட்டங்களைக் காட்டினால், பார்ப்பவர் ஆக்கிரமிப்பு என்று படிப்பார். அதே கட்டங்களோடு பொதுக் குழாய், கழிப்பறை, விளக்கு, வெள்ளம் ஏறிய உயரம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்தால், அங்கே ஒரு தெரு இருக்கிறது என்று படிப்பார்.

எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை அந்தத் தெருவுக்குத்தான் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஜேசிபி வரக்கூடும் என்பதையும் சொன்னேன். அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். பெயரும் கதவு எண்ணும் பொது வரைபடத்தில் வரக் கூடாது, சந்துக்கு எத்தனை குடும்பம் என்ற எண் போதும், முழுப் பட்டியல் குழுவிடமே இருக்கட்டும் என்றார்கள். கூட்டத்தில் ஒரு அக்கா, “இல்லாத மாதிரி இருந்து எங்களுக்கு என்ன கிடைச்சுது?” என்று கேட்டதும் முடிவாகிவிட்டது.

பிறகு அவர்களே எனக்கு ஆசிரியர்களானார்கள். 2008இல் நிஷா புயல் மழைக்கு எந்தச் சுவரில் எதுவரை தண்ணீர் நின்றது, சாதாரண ஐப்பசி அடைமழைக்கு எந்த வாசலில் முதலில் ஏறும் என்று கையை வைத்துக் காட்டினார்கள். 2018இல் கஜா எந்தக் கூரைகளைத் தூக்கிப் போனது என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் எந்தச் செயற்கைக்கோளும் தராது. எங்களிடம் இருந்த இலவச உயரத் தரவு 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடம் அளந்தது. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். உயரத்தில் பல மீட்டர் வித்தியாசம் வரலாம். மலைப்பகுதியில் அதை வைத்து ஓரளவு வேலை செய்யலாம். ஒரு அடி மேடு பள்ளமே தண்ணீரின் போக்கை மாற்றிவிடும் படுகையில், அதை நம்பி வடிகால் கட்டினால் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். ஆகவே அந்தப் பெண்கள் காட்டிய ஒவ்வொரு அடையாளத்தையும் நகராட்சியின் ஆட்டோ லெவல் கருவியால் அளந்து பதிந்தோம். குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்பதைப் பணி ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஃபிட்டர் நடந்தே காட்டினார். எந்த வால்வு எந்தத் தார்ச்சாலைக்குக் கீழே போய்விட்டது என்பது அவர் நினைவில் மட்டும்தான் இருந்தது.

அளந்து முடித்தபோது ஒரு உண்மை வெளியே வந்தது. அடுத்த தெருக்காரர்கள், பட்டா உள்ளவர்கள், மழைக்காலத்தில் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்குக் கரைக் குடிசைகள்தான் காரணம் என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். அளவுகளோ பெரிய அடைப்பு ஒரு சிறுபாலத்தில் இருப்பதைக் காட்டின. சாலை போடும்போதெல்லாம் மேலே உயர்ந்துகொண்டு போக, அடியில் மண் மேவி, பாதிக்கு மேல் அடைந்துபோயிருந்தது அதன் கண். சில வீடுகள் தண்ணீரின் வழியில் இருந்ததும் உண்மை. அதையும் அப்படியே வரைபடத்தில் வைத்தோம். இரண்டு தெருக்காரர்களும் ஒரே தாளைப் பார்த்தபோது, பழைய சண்டையின் சூடு தணிந்தது. இருவருக்கும் வேண்டியது அந்தச் சிறுபாலம்.

வரைபடத்தைப் பெரிய ஃபிளெக்ஸில் அச்சடித்து மன்றக் கூட்டத்தில் மாட்டினோம். திரையில் காட்டியிருந்தால் ஒரு நொடியில் கடந்துபோயிருக்கும். சுவரில் மாட்டியதால் கவுன்சிலர்கள் எழுந்து வந்து, தங்கள் வார்டை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். சிறுபாலத்தை அகலப்படுத்தித் தாழ்த்திக் கட்டவும், கரைத் தெருவில் பொதுக் குழாயும் விளக்கும் போடவும் தீர்மானம் வந்தது; வேலையும் நடந்தது. பட்டா வரவில்லை. தண்ணீரின் வழியில் உள்ள குடும்பங்களுக்கு ஊருக்குள்ளேயே மாற்று இடம் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. தொலைவில் கொண்டுபோய் விட்டால் விடியற்காலை வேலைக்கு அவர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அது சொல்லும் 18 பணிகளில் முதலாவது நகரத் திட்டமிடல். அந்தக் காலத்தில் வரைபடம் என்பது அரசாங்கப் பூட்டுக்குள் இருந்த பொருள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. இன்று ஒரு கல்லூரி மாணவியின் கைப்பேசியே தெருவை வரையும் கருவி. ஆனால் கருவி மலிந்ததால் மட்டும் நியாயம் மலிந்துவிடாது. பழைய பதிவேட்டை அப்படியே கணினியில் ஏற்றினால், பழைய புறக்கணிப்பும் கணினியில் ஏறும். திரையில் துல்லியமாகத் தெரிவதால் அதை யாரும் கேள்வியும் கேட்கமாட்டார்கள். எந்தத் தரவைக் கையில் எடுத்தாலும், இதில் இல்லாதவர் யார், இதை வெளியிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் வேலையைத் தொடங்குகிறேன். இதுவே நான் கற்ற பாடம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கரை, ஒரு மேடு, ஒரு ரயில்வே ஓரம் இருக்கும். 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. கிராமங்களில் கிராம சபை வெகுகாலமாகவே உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் வார்டின் குடிநீர், வடிகால், விளக்கு வரைபடங்களைக் காட்டச் சொல்லுங்கள். கேட்காமலேயே தகவலை வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தன் 4ஆம் பிரிவில் சொல்கிறது. வரைபடம் கைக்கு வந்ததும் உங்கள் வீட்டைத் தேடுவதற்கு முன்னால், அதில் இல்லாத தெரு எது என்று பாருங்கள். அந்தத் தெருக்காரர்களையும் அழைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள்.