பச்சை இலை போட்ட மூடி

ஸ்காபரோவின் சாப்பாட்டுக் கடைகளில் ரெஜிபோம் பெட்டியின் காலம் முடிந்துவிட்டது. 2023 டிசம்பரோடு கனடா முழுக்க அதை விற்கத் தடை. இப்போது கொத்துரொட்டி கரும்புச் சக்கைப் பெட்டியில் வருகிறது. சம்பல், சோளத்திலிருந்து செய்த பிளாஸ்டிக் கிண்ணத்தில். மூடியில் பச்சை இலைப் படம், பக்கத்தில் மண்ணோடு மக்கிவிடும் என்ற உறுதிமொழி. எங்கள் சனமும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மனநிறைவோடு கிண்ணத்தைச் சமையல் கழிவுக்கான கிரீன் பின்னில் போடுகிறது.

ரொறன்ரோ மாநகரசபையோ, அதை அங்கே போடாதே என்கிறது. மக்கும் என்று அச்சடித்த பிளாஸ்டிக் குப்பைத் தொட்டிக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், பிள்ளையின் பம்பேர்ஸைக் கிரீன் பின்னில் போடலாம்!

காரணம் டிஸ்கோ வீதியிலும் டஃபரினிலும் உள்ள ஆலைகளில் இருக்கிறது. வந்த கழிவைப் பையோடு சேர்த்து, பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டுத் தோசைமாப் பதத்துக்கு அடிக்கிறார்கள். பம்பேர்ஸின் உள்ளே இருப்பது கூழோடு போய்விடும். மிதக்கும் பிளாஸ்டிக்கை வாரி எடுத்துவிடுவார்கள். அந்த வாரிக்குச் சோளப் பிளாஸ்டிக் எது, பெற்றோலியப் பிளாஸ்டிக் எது என்று தெரியாது. தப்பிப் போனாலும் பயனில்லை. மக்கும் என்ற சான்று, ஏறக்குறைய 58 பாகை வெப்பத்தில், காற்றோட்டத்தோடு, 180 நாள் வரை வைத்துச் சோதித்துக் கொடுப்பது. இங்கேயோ காற்றுப் புகாத கலத்தில் சில கிழமைதான். வாரியெடுத்ததெல்லாம் ஒன்ராறியோ லண்டனுக்குப் பக்கத்தில் கிறீன் லேன் குப்பைமேட்டுக்குப் போகிறது.

கரும்புச் சக்கைப் பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. எண்ணெயும் சொதியும் ஊறாமலிருக்கச் சில உற்பத்தியாளர்கள் அதில் புளோரின் சேர்மங்களைக் கலந்தார்கள். மண்ணில் எளிதில் சிதையாத சாமான் அது. அமெரிக்கச் சான்று அமைப்பான பிபிஐ 2020இலிருந்து அப்படிக் கலந்தவற்றுக்குச் சான்று கொடுப்பதில்லை.

கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சனம் இலைப் படத்தைப் பாத்துத்தான் சந்தோசப்படுது, அண்ணை. பெட்டி விலை கூட. என்ன செய்யிறது?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இலங்கையில் 2017இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து ஆட்கள் செத்த பிறகுதான் சோறு சுற்றும் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தது. எங்கள் குப்பைமேடு இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்துக்கு அப்பால். யார் கண்ணில் படப்போகிறது?

2024 மார்ச்சிலிருந்து ரொறன்ரோவில், நாம் வேண்டுமென்று சொன்னாலொழியக் கரண்டி, முள்ளு தரக்கூடாது. சுத்தமான கோப்பையை நீட்டினால் தேத்தண்ணியை அதில்தான் ஊற்றித் தரவேண்டும். சாப்பாட்டுக்குச் சட்டி கொண்டுபோனால் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும்; தெரிந்த கடையென்றால் கேட்டுப் பாருங்கள். நான் போகிற கடையில் மறுப்பதில்லை. சொதியும் ஒரு அகப்பை கூடவே விழுகிறது.