நாலு ரூபாய்ப் புல்வெளி

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்தவர் எம் தந்தையார். 1987-ஆம் ஆண்டுக் கோடையில் தமக்கையின் திருமணம். அழைப்பிதழை முதலாளியின் கையில் நேரிலே கொடுத்தால்தான் அவருக்கு மனம் ஆறும். "ஞாயிறு காலையில் மன்றத்துக்கு வந்துவிடுங்கள்" என்று முதலாளியும் சொல்லியிருந்தார். ஆகவே வெளுத்த வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளிலே துண்டு, கையிலே மஞ்சள் தடவிய உறையோடு அவர் முன்னே நடக்க, நாம் பின்னே சென்றோம்.

வாயிற்காவலர் தடுத்தார். "பெரியவரே, வேட்டி கட்டினவங்களை உள்ளே விடக்கூடாதுன்னு சட்டம். என்மேலே வருத்தப்படாதீங்க."

சட்டம் செய்தவர்கள் உள்ளே இருந்தார்கள். வருத்தப்பட வேண்டியவர் வெளியே நின்றார். இடையிலே நின்ற காவலரோ நம்மவர். வேலை முடிந்து வீடு திரும்பியதும் அவர் கட்டிக்கொள்வதும் அந்த வேட்டியைத்தான்!

கம்பி வேலிக்கு அப்பால் பச்சைப் பசேலென்று கோல்ப் திடல் விரிந்து கிடந்தது. சென்னை நகரமே குடம் தூக்கி அலைந்த கோடை அது. தந்தையார் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுக்கு எந்த லாரியிலப்பா தண்ணி வருது?"

அந்த மன்றத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு மன்றத்தின் குணமாக இருந்தால் அல்லவா பெயர் சொல்ல வேண்டும்!

இந்த நோய்க்கு வயது அதிகம். 1829-இல் கல்கத்தாவில் கோல்ப் மன்றம் கண்டான் வெள்ளையன். 1832-இல் சென்னையில் மெட்ராஸ் கிளப் எழுந்தது. நூறாண்டுக்கு மேலாக இந்தியர் எவரும் அதில் உறுப்பினராக முடியவில்லை. 1884-இல் ஜிம்கானா மன்றம் தோன்றிற்று. அதன் கோல்ப் திடல் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலேயே அமைந்தது. வெள்ளையன் போனான், வேலி போகவில்லை. நிறம் கேட்ட வாயில் உடை கேட்கத் தொடங்கிற்று. உன்னை முன்மொழிகிறவர் யார், வழிமொழிகிறவர் யார் என்று கேட்கத் தொடங்கிற்று. குலம் கோத்திரம் விசாரிப்பதற்கும் இதற்கும் எத்தனை முழ தூரம், தோழர்களே?

கிண்டியின் கணக்கைக் கேளுங்கள். அரசுக்குச் சொந்தமான 160 ஏக்கர் 86 சென்ட் நிலம், 1945 முதல் 99 ஆண்டுகளுக்குப் பந்தய மன்றத்துக்குக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாயும் சில்லறையும். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூடத் தேறாது! அதே நகரத்தின் மேற்கே, அரை சென்ட் குடிசைக்குப் பட்டா கேட்டுத் தாசில்தார் வாயிலில் காலம் கழித்தவர்களை நாம் அறிவோம். 1955 சனவரியில் ஆவடியிலே காங்கிரசு கூடி, சமதர்ம பாணியில் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. ஆவடிக்கும் கிண்டிக்கும் பதினைந்து கல் தொலைவுதான். தீர்மானத்தால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை போலும்.

1970-இல் அரசு வாடகையை உயர்த்தியது, மன்றம் ஏற்கவில்லை. 1974-இல் குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் வந்தது. பந்தயம் சூதன்று, திறமை ஆட்டம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. திறமையாகவே இருக்கட்டும், திறமைசாலி வாடகை கொடுக்க வேண்டாமா? பாக்கி 730 கோடியே 86 லட்சம் என்றது அரசு. அதைக் கட்டும்படி 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி, நிலத்தைக் கைப்பற்றியது.

"விளையாட்டின் மேல் உங்களுக்கு என்ன கோபம்?" என்றார் நண்பர் ஒருவர். கோபமே இல்லை. கோல்ப் வளர்ந்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பழம்பெரும் திடல் ஊர்ப் பொதுநிலம். ஞாயிறன்று ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஊரார் பிள்ளைகளோடும் நாய்களோடும் உலவுகிறார்கள். நம் ஊர்க் கனவான்கள் அங்கிருந்து மட்டையைக் கொண்டுவந்தார்கள், பந்தைக் கொண்டுவந்தார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்கள்! (அங்கும் எல்லாம் ஒழுங்கன்று. அவ்வூரின் பெயர்பெற்ற மன்றம் பெண்களை உறுப்பினராக ஏற்க 2014 வரை ஆயிற்று.)

அதே 2014-இல்தான் சென்னைக் கிரிக்கெட் மன்றம் ஒன்றில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் தடுக்கப்பட்டார். நாடு கொதித்தது, அடுத்த மாதமே சட்டம் பிறந்தது. வேட்டியைத் தடுத்தால் மன்றத்தின் உரிமம் போகும், ஓராண்டுவரை சிறையும் உண்டு. நல்ல சட்டம். ஆனால், தடுக்கப்பட்டவர் கடைசல்காரராக இருந்திருந்தால் பிறந்திருக்குமா? 2017-இல் தில்லி கோல்ப் மன்றத்தில், விருந்துக்கு அழைக்கப்பட்டு வந்த மேகாலயக் காசி இனப் பெண் ஒருவர், பணிப்பெண்போல் தோன்றுகிறார் என்று உணவு மேசையிலிருந்து எழுப்பப்பட்டார். உடுத்தியிருந்தது அவருடைய மரபுடை.

கிண்டியில் இப்போது வெள்ளநீர் தேங்கக் குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். 118 ஏக்கரில் பூங்கா அமைக்க அரசு ஆணையிட்டது. வழக்குகளும் கூடவே நடந்தன. எந்த லாரியில் தண்ணீர் வருகிறது என்று கேட்டவர் இன்று இல்லை.

அன்று ஒரு மணி நேரம் வேப்பமர நிழலில் நின்றோம். செய்தி போய், முதலாளியே வாயிலுக்கு வந்து அழைப்பிதழை வாங்கிக்கொண்டார், நல்ல மனிதர்தான். சொன்னபடி திருமணத்துக்கும் வந்தார். பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.