ரெண்டு அண்டாவைக் காணோம்!

டேட்டாபேஸ் பேப்பர்ல நான் எவ்வளவு வாங்கினேன்னு நம்ம கிளாஸ் மக்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காக: ரொம்ப நல்ல மார்க். அந்த மார்க்கால வந்த திமிர்தான் இந்தக் கதைக்கே காரணம். நார்மலைசேஷன்ல மூணாவது நிலை வரைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொன்னேன். பரீட்சையில.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல பாத்திர வாடகைக் கடை வச்சிருக்கார். கல்யாணம், காது குத்து, கெடா வெட்டு, கருமாதி எதுவானாலும் அண்டா, தேக்சா, வாளி, கரண்டி, அன்னவெட்டி, ஜமுக்காளம், நாற்காலி எல்லாம் அவர்கிட்டதான் போகும். கணக்கு மொத்தமும் நீள சைஸ் நோட்டுல. லீவுக்குப் போனப்போ "நான் இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்றேன் மாமா"ன்னேன். "நோட்டை வச்சே 22 வருஷம் ஓட்டிட்டேன் மாப்ளே, நீ என்னத்தக் கிழிக்கப்போறே?"ன்னார். அப்புறம் அத்தை சொன்னதால ஒத்துக்கிட்டார்.

முதல் நாள் நான் பண்ணினதை எந்த வாத்தியாரும் பார்க்கக்கூடாது. ஒரே டேபிள். தேதி, பேரு, ஊரு, பொருள்1, எண்ணிக்கை1, பொருள்2, எண்ணிக்கை2... இப்படிப் பத்து வரைக்கும். யாரு பத்துக்கு மேல கேட்கப்போறாங்கன்னு நெனப்பு. நோட்டைத் திறந்து முதல் கல்யாணத்தைப் பார்த்தா 23 பொருள்! பரீட்சையில 'ரிப்பீட்டிங் க்ரூப் கூடாது'ன்னு அழகா எழுதிட்டு, கடையில உட்கார்ந்ததும் அதையேதான் செஞ்சிருக்கேன்.

சரி, புத்தகப்படி பிரிச்சேன். வாடிக்கையாளர் ஒரு டேபிள். பொருள் ஒரு டேபிள். ஆர்டர் ஒரு டேபிள். எந்த ஆர்டர்ல எந்தப் பொருள் எத்தனைன்னு நடுவுல இன்னொரு டேபிள். இப்படி எல்லாத்தையும் டேபிளாப் பார்த்து, ஒண்ணுக்கொண்ணு மதிப்பை வச்சே இணைக்கலாம், டேட்டா டிஸ்க்ல எங்கே எப்படிக் கெடக்குதுன்னு கேட்கிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லைன்னு 1970-ல ஒரு கட்டுரையில சொன்னவர் எட்கர் காட். ஐ.பி.எம்.மோட சான் ஓசே ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தவர், ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டன் விமானப்படையில பைலட். 1981-ல ட்யூரிங் விருது கொடுத்தாங்க. பெரிய மனுஷன். ஆனா அவருக்கு எங்க மாமாவோட நோட்டு கிடைக்கலை.

ஏன்னா மாமா யாரையும் பேரு போட்டு எழுதமாட்டார். 'பால்காரர்'னு ஒரு பக்கம், 'மேலத்தெரு பால்'னு இன்னொரு பக்கம், 'டீச்சர் வீட்டுக்காரர்'னு மூணாவது பக்கம். மூணும் ஒரே ஆள்! (டீச்சரைக் கட்டினவர்தான் பால் பண்ணை வச்சிருக்கார்.) இதுல ப்ரைமரி கீ எது? போன் நம்பரை வச்சேன். ரெண்டே நாள்ல அதுவும் ஊத்திக்கிச்சு. முகூர்த்த நாள்ல பாதி ஆர்டரைச் சமையல் மாஸ்டருங்கதான் சொல்வாங்க. ஒரே நம்பர், மூணு கல்யாணம், வாடகை கொடுக்கிறது மூணு வீடு. கடைசியில ஆளுக்கு ஒரு எண் நானே போட்டு, போன் நம்பரைச் சும்மா ஒரு காலமா வச்சிட்டு, 'தேடினா கிடைக்கும், போதும்'னு விட்டுட்டேன். இந்த 'போதும்'ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

நான் நல்லாச் செஞ்ச வேலையும் ஒண்ணு உண்டு, அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. வாடகை ரேட்டு பொருள் டேபிள்லதானே இருக்கணும்? இருக்கு. ஆனா மாமா ரேட்டை ஏத்தினா, ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவங்க பில்லும் தானா ஏறிடும். அதனால புக் பண்ணின அன்னிக்கு இருந்த ரேட்டை ஆர்டர் வரியிலயும் எழுதி வச்சேன். ஒரே விஷயம் ரெண்டு எடத்துலயான்னு கேட்பீங்க. ரெண்டும் ஒரே விஷயம் இல்லை. ஒண்ணு இன்னிக்கு ரேட்டு, இன்னொண்ணு அன்னிக்குக் கொடுத்த வாக்கு.

இன்னொண்ணு, 'அந்தத் தேதிக்கு அண்டா இருக்கா?'ங்கிற கேள்வி. பார்க்க ஈஸி. இவங்க எடுக்கிற தேதி அவங்க திருப்புற தேதிக்கு முன்னாடியோ அன்னிக்கோ இருந்து, அவங்க எடுக்கிற தேதியும் அதே மாதிரி இவங்க திருப்புற தேதியைத் தாண்டாம இருந்தா ரெண்டு ஆர்டரும் மோதுது. மோதுற ஆர்டரை எல்லாம் கூட்டி, இருப்புல கழிச்சேன். தப்பு! 10 அண்டா இருக்கு. திங்கள், செவ்வாய் ஒருத்தருக்கு 4. புதன், வியாழன் இன்னொருத்தருக்கு 4. திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் 5 வேணும்னு ஒருத்தர் வர்றார். என் கணக்குப்படி 8 போக மிச்சம் 2, இல்லைன்னு சொல்லும். ஆனா எந்த நாளை எடுத்தாலும் வெளியில இருக்கிறது 4 தான், 6 சும்மா கெடக்கு. அதனால நாள் நாளாக் கணக்குப் போட்டு, இருக்கிறதுலயே குறைஞ்சதை எடுக்கணும். இதை மாமா நோட்டைப் புரட்டாமலே மனசுல போடுவார். எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு.

எல்லாம் எஸ்க்யூலைட்லதான் கட்டினேன். ஒரே ஃபைல், தனியா சர்வர் வேண்டாம், பழைய லேப்டாப்புக்கு அதுவே போதும். (மறுபடியும் 'போதும்'!) ஒரு குணம் உண்டு அதுக்கு. ஃபாரின் கீன்னு எழுதி வச்சாலும், நாமளா அதை ஆன் பண்ணச் சொல்லலைன்னா சாதாரணமாக் கண்டுக்காது. ஒவ்வொரு தடவை திறக்கிறப்பவும் சொல்லணும். ரெண்டு தடவை ஏறிப்போன ஒரு ஆளை நான் அழிச்சேன், அவரோட ஆர்டர் எல்லாம் அனாதையா நின்னுச்சு. எண் வர வேண்டிய எடத்துல '10+2'ன்னு எழுதினாலும் வாயை மூடிட்டு வாங்கிக்கும். கடையில இருக்கிற அண்ணன் அப்படித்தான் எழுதினார், பாவம், நோட்டுப் பழக்கம். அதை எல்லாம் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டு, 'முடிஞ்சது'ன்னு சொல்லிட்டுக் காலேஜுக்கு வந்துட்டேன்.

வைகாசியில ஒரு முகூர்த்தம். ஒரே மாஸ்டருக்கு ரெண்டு கல்யாணம். முதல் வீட்டுக்கு 4 அண்டா, ரெண்டாவது வீட்டுக்கு 6. மொத்தம் 10 போச்சு. ராத்திரி மாஸ்டரோட டெம்போ 6 அண்டாவோட வந்துச்சு. கடை அண்ணன் மாஸ்டர் நம்பரைப் போட்டுத் தேடியிருக்கார், மேல வந்தது முதல் வீட்டு ஆர்டர், அதுல 'திரும்பியது 6'ன்னு போட்டுட்டார். மறுநாள் காலையில மிச்சம் 4 வந்துச்சு. ரெண்டாவது வீட்டுல 4.

ஆக, முதல் வீட்டுக்குப் போனது 4, வந்தது 6. ரெண்டாவது வீட்டுக்குப் போனது 6, வந்தது 4. கொடுத்ததை விட அதிகமாத் திரும்பி வர முடியாதுன்னு ஒரு செக் நான் போட்டிருக்கணும். ஒரே ஒரு வரி. போடலை. அதைவிடக் கொடுமை, 'பாக்கி லிஸ்ட்'னு நான் எழுதின க்வெரி. பாக்கி பூஜ்யத்துக்கு மேல இருந்தா மட்டும் காட்டுன்னு எழுதியிருந்தேன். மைனஸ் ரெண்டு எங்கேயும் வரலை. ரெண்டாவது வீடு மட்டும் சிவப்பு எழுத்துல வந்துச்சு. அந்தச் சிவப்பு கலரையும் நான்தான் ஆசையா வச்சேன்.

மாமா பொண்ணோட அப்பாவுக்குப் போன் பண்ணினார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையாம். பொண்ணைக் கட்டிக் கொடுத்த மறுவாரம், வாசல்ல நின்னு அண்டாவுக்குச் சண்டை போட முடியுமா? ரெண்டு அண்டாவுக்கும் சேர்த்து 9,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போயிட்டார். மாமாவுக்கே கொஞ்சம் உறுத்தல்தான். "கம்ப்யூட்டர்ல இருக்கே மாப்ளே"ன்னு போன்ல எங்கிட்டச் சொன்னார். நானும் பெருமையா "அப்ப கரெக்டாத்தான் மாமா இருக்கும்"னேன்.

ஆடி வந்துச்சு. கடையில வேலை இல்லை. வருஷா வருஷம் மாதிரி குடோன்ல எல்லாத்தையும் இறக்கி எண்ணினாங்க. கம்ப்யூட்டர்ல அண்டா 30. தரையில 32. மூணு தடவை எண்ணினார் மாமா. எல்லாத்துலயும் கடைப் பேரு வெட்டியிருக்கு. "காணாமப்போன ரெண்டும் தானா நடந்து வந்திருச்சு போல"ன்னு போன்ல சொன்னார். சிரிக்கலை.

பஸ் ஏறிப் போனேன். நோட்டை எடுத்துப் போட்டார். (ஆமா, நான் போனப்புறமும் நோட்டும் எழுதிக்கிட்டுத்தான் இருந்திருக்கார்.) அதுல அந்த ரெண்டு கல்யாணமும் பக்கத்துப் பக்கத்துல, ரெண்டையும் சேர்த்து பென்சில்ல ஒரு வளைவு, ஓரத்துல 'மாஸ்டர் டெம்போ'ன்னு ரெண்டு வார்த்தை. கீழ 6, 4, கோடு போட்டு 10. அவ்வளவுதான். என் அஞ்சு டேபிள்லயும் இல்லாத விஷயம் அந்தப் பென்சில் வளைவுல இருந்துச்சு. பாத்திரம் யாருக்குப் போச்சுங்கிறது வேற, யார் கையில போச்சுங்கிறது வேற. ரெண்டாவதை நான் யார்கிட்டயும் கேட்கவே இல்லை.

மறுநாள் மாமா பைக்ல என்னையும் ஏத்திக்கிட்டு அந்த ஊருக்குப் போனார். 9,000 ரூபாயையும் வெத்தலை பாக்கோட தட்டுல வச்சு, "எங்க மேல தப்பு அண்ணே, மன்னிச்சுக்கணும்"னார். அவர் பணத்தை எடுக்கலை, கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம், "நான் மாஸ்டர் கூலியில 3,000 பிடிச்சிட்டேனே தம்பி. அவரு பாத்திரம் கழுவ வந்த பொம்பளைங்க மூணு பேர்கிட்டயும் பிடிச்சிட்டாரு"ன்னார்.

அங்கேருந்து மாஸ்டர் வீடு. மாஸ்டர்கிட்ட இருந்து அந்த மூணு அக்காங்க வீடு. ரெண்டு பேர் காசை வாங்கிக்கிட்டு, "கெடைச்சிருச்சுல்ல, சரி விடுங்க தம்பி"ன்னாங்க. மூணாவது அக்கா அந்த மாஸ்டர்கிட்ட வேலைக்குப் போறதையே நிறுத்திட்டாங்களாம். காசை வாங்கி எண்ணிப் பார்த்துட்டு, "எங்களத்தானே மொதல்ல சந்தேகப்பட்டாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. நான்தான் காரணம்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லலை. பைக்ல திரும்பி வர்றப்போ மாமாவும் ஒண்ணும் பேசலை.

அன்னிக்கு ராத்திரியே மாத்த உட்கார்ந்தேன். 'திரும்பியது'ங்கிற காலத்தையே தூக்கிட்டேன். திரும்பி வர்றதுக்குத் தனி டேபிள்: எப்ப வந்துச்சு, யார் கொண்டாந்தாங்க, என்ன பொருள், எத்தனை. ஒவ்வொரு டெம்போவுக்கும் புது வரி, பழைய வரியில கை வைக்கக் கூடாது. தப்பா எழுதிட்டாலும் அழிக்காம, திருத்தி இன்னொரு வரி. பாக்கி வீட்டு மேல இல்லை, பாத்திரத்தைக் கையில வாங்கிட்டுப் போனவர் மேல. எந்த வீட்டோடதுன்னு தெரியலைன்னா அந்த எடத்தைக் காலியா விடலாம், ஆனா மாஸ்டர் கணக்கு பூஜ்யம் ஆகுற வரைக்கும் எந்த வீட்டுக்கும் சிவப்பு வராது. மைனஸ் வந்தா எல்லாத்துக்கும் மேல வரும். செக்கும் போட்டாச்சு. இதை எல்லாம் மாமாவைப் பக்கத்துல உட்கார வச்சு, ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுத்தான் செஞ்சேன். "உடைஞ்ச நாற்காலி திரும்பி வந்தா அது வந்ததா, வரலையா?"ன்னு அவரு ஒரு கேள்வி கேட்டார் பாருங்க, அதுக்கு இன்னொரு டேபிள் ஆச்சு :-)

இப்ப ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி மாமா நோட்டை வாசிப்பார், அண்ணன் ஸ்க்ரீனைப் பார்த்து "ஆமா, ஆமா"ன்னுவார். போன வாரம் 7 டம்ளர் இடிக்குதுன்னு போன் வந்துச்சு. யாருக்கும் போன் போடாதீங்க, நான் சனிக்கிழமை வர்றேன் மாமான்னு சொல்லியிருக்கேன்.