குத்தகை முகவரி

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த மதராசி கேம்ப் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே மறுவாழ்வுக்குத் தகுதியுடையவை எனப் பட்டியலிடப்பட்டு, நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு பெற்றன. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அதற்குப் பிந்தைய மாதங்களில், நரேலாவுக்குப் போன குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த முதுகலை மாணவி ஒருத்தி, மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு கேள்வியோடு பல இரவுகள் மல்லுக்கட்டினாள். வீட்டுக்கென்று கட்டணம் செலுத்தி ஒரு மின்னஞ்சல் சேவை வாங்குவதானால் எதை வாங்குவது? வீடு போன துயரத்தின் அருகே வைத்தால் இது ஒரு பொருட்டே அன்று. ஆயினும் இரண்டின் அடியிலும் கிடந்த சிக்கல் ஒன்றே என்பது தேடத் தேட அவளுக்குப் புலப்பட்டது.

கேள்வி எழுந்த காரணம் எளியது. தில்லியின் 2015ஆம் ஆண்டுக் குடிசைவாழ் மக்கள் மறுவாழ்வுக் கொள்கை ஆவணங்களின்மேல் நிற்பது. 2015 ஜனவரி 1க்கு முன்பே அந்தக் குடிசை அங்கே இருந்தது என்பதை மனிதர்கள் சொன்னால் போதாது. வாக்காளர் பட்டியலும் பிற சான்றுகளும் சொல்ல வேண்டும். அக்குடும்பத்தின் காகிதங்கள் யாவும் ஒளிப்படங்களாக அண்ணனின் இலவச மின்னஞ்சல் கணக்கில் இருந்தன. இடம்பெயர்ந்த அலைச்சலில் அவனுடைய பழைய கைப்பேசி எண்ணுக்கு எவரும் பணம் போடவில்லை, எண் செயலிழந்தது. புதுக் கைப்பேசியிலிருந்து உள்ளே நுழைய முயன்றபோது, சரிபார்ப்புக் குறியீட்டை அந்த இறந்துபோன எண்ணுக்கே அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. முறையிட ஒரு மனிதக் குரல் எங்கும் இல்லை. தெருவிலிருந்த முகவரி போன சில மாதங்களிலேயே திரையிலிருந்த முகவரியும் போயிற்று.

இலவசச் சேவையைத் திட்டுவதில் பயனில்லை என்பதை அவள் விரைவிலேயே உணர்ந்தாள். விலை கொடுக்காதவருக்கு உரிமையும் குறைவு என்பது அவற்றின் விதிமுறைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகள் நீக்கப்படலாம் என்று கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்தது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் பணம் கொடுத்துவிட்டால் மட்டும் முகவரி நம்முடையதாகிவிடுமா?

இங்கேதான் அவளுக்கு முதல் தெளிவு கிடைத்தது. மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்கு முன்னால் இருப்பது குடியிருப்பவரின் பெயர். பின்னால் இருப்பது நிலத்தின் பெயர். அந்தப் பின்பாதி சேவை நிறுவனத்தினுடையதாக இருந்தால், எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் நாம் பிறர் நிலத்தில் குடியிருப்பவர்களே. நிறுவனத்தை விட்டு வெளியேறும் நாளில் முகவரியையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். டொமைன் எனப்படும் களப்பெயரைத் தனியாகப் பதிவுசெய்து கொண்டாலோ நிலைமை மாறுகிறது. அப்பெயருக்கு வரும் அஞ்சலை எந்த வழங்கியில் சேர்ப்பது என்பதை எம்.எக்ஸ். பதிவு என்னும் ஒரு வரி முடிவுசெய்கிறது. சேவை பிடிக்கவில்லையென்றால் அந்த வரியை மாற்றினால் போதும், முகவரி மாறாது. ஆகவே எந்த நிறுவனம் என்று கேட்கும் முன், எந்தப் பெயர் என்று கேட்க வேண்டும். நிறுவனத்தைத் தேரும்போதும் உள்ளே நுழையும் வாசலைவிட வெளியேறும் வாசலையே முதலில் பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலைக் கொண்டு அவள் பட்டியலைச் சுருக்கினாள். சுவிட்சர்லாந்தின் புரோட்டானும் ஜெர்மனியின் டூட்டாவும் கடிதங்களை மறையாக்கம் செய்து வைப்பவை. நிறுவனத்தாராலேயே உள்ளடக்கத்தைப் படிக்க இயலாது. அந்தக் காப்புக்கு ஒரு விலை உண்டு. கடிதங்களை வேறு செயலியில் படிக்கவும் மொத்தமாக வெளியே எடுக்கவும் உதவும் ஐமேப் என்னும் பொதுநெறி டூட்டாவில் இல்லை. புரோட்டானில் அதற்கென ஓர் இடைச்செயலியைக் கணினியில் நிறுவ வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் ஐமேப்புக்குப் பெயர்போனது. அங்கே கடிதங்கள் அத்தகைய மறையாக்கத்தோடு இருப்பதில்லை. தமிழகத்தில் வேர்கொண்ட ஜோஹோ சொந்தக் களப்பெயருக்கு இடம் தருகிறது. கட்டணத் திட்டங்களில் ஐமேப்பும் உண்டு. அங்கே ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதால் ஐந்து பேர் கொண்ட வீட்டில் கணக்கு ஐந்தால் பெருகும். கணக்கொன்றுக்கு வாங்காமல் மொத்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் சிறு நிறுவனங்களும் உண்டு.

அடுத்தது பணம் செலுத்தும் வழி. தானியங்கிக் கட்டணங்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கி விதித்த கட்டுப்பாடுகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், வெளிநாட்டுச் சேவைகளின் ஆண்டுக் கட்டணம் இந்திய அட்டைகளில் தானாகக் கழியாமல் நின்றுபோவது உண்டு. அக்குடும்பத்தில் எவரிடமும் கடனட்டை இல்லை. ரூபாயில் விலையும் யு.பி.ஐ. வசதியும் இல்லாத சேவை, எவ்வளவு சிறந்ததானாலும், ஒருநாள் கட்டணம் தவறி மூடப்படும் சேவையே. இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. ஒரு வழக்கில், புரோட்டான் மெயிலைத் தடைசெய்ய நடவடிக்கை எடுக்குமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 29 அன்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மதராசி கேம்ப்பை ஜூன் 1 முதல் இடிக்கலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது மே 9 அன்று. இரண்டுக்கும் இடையே பத்து நாள். எந்த முகவரியும் ஓர் ஆணையின் தொலைவிலேயே இருக்கிறது என்று அவள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பெயரைத் தேரும்போது வேறொரு சிக்கல் எழுந்தது. வீட்டில் எவருக்கும் குடும்பப்பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான். அப்பாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. இந்தியில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்களின் கையில் ழகரமும் ளகரமும் பட்ட பாடு அது. '.இந்தியா' என்னும் தமிழ்க் களப்பெயர் நடைமுறையில் இருக்கிறது. ரோமன் அல்லாத எழுத்துகளில் அஞ்சல் முகவரி அமைவதற்கான நெறிமுறையும் 2012இலேயே வெளியாகிவிட்டது. ஆனால் வங்கிகளின், அலுவலகங்களின் படிவங்கள் பலவும் தமிழில் எழுதிய முகவரியை இன்றும் பிழையென்றே திருப்பி அனுப்புகின்றன. படிவம் ஏற்காத முகவரி, பட்டியலில் ஏறாத பெயரைப் போன்றது. தொலைபேசியில் தமிழிலும் இந்தியிலும் ஒரே விதமாக எழுத்துக்கூட்டிச் சொல்லத்தக்க ஒரு சிறு சொல்லை அவள் தேடினாள். மதராசி என்ற சொல்லையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தாள். தெற்கிலிருந்து வந்த எல்லோருக்கும் பிறர் ஒட்டிய பெயர். இவர்கள் அதையே ஐம்பது ஆண்டு முகவரியாக எழுதி வந்தவர்கள். கடைசியில் பாட்டியின் பெயரைத் தெரிந்தெடுத்தாள். அதில் ழகரம் இல்லை.

பணம் கட்டும் இரவில் அம்மா அருகே வந்து அமர்ந்தார். ஜங்புராவில் வீட்டுவேலை செய்துவந்தவர். நரேலாவிலிருந்து அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் இரண்டு வீடுகளை விட்டுவிட்டிருந்தார்.

“மாசா மாசம் கட்டணுமா பாப்பா?”

“வருஷத்துக்கு ஒருதரம்மா. பேருக்குத் தனியா, பொட்டிக்குத் தனியா.”

“கட்டலைன்னா? வெளிய தூக்கிப் போட்ருவாங்களா?”

எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இல்லாத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பெட்டிக்குக் கட்டணம் தவறினால் பழைய கடிதங்கள் போகும். நகல் வைத்திருந்தால் அதுவும் போகாது. பெயருக்குக் கட்டணம் தவறினால் இழப்பு பெரிது. தவணைக் காலம் கடந்தபின் அப்பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். வேறெவரும் அதை வாங்கலாம். வாங்கியவருக்கு இக்குடும்பத்தின் கடிதங்கள் வரும். கடவுச்சொல்லை மாற்றித் தருமாறு அவர் கேட்டால், அந்த இணைப்பும் அவருக்கே வரும். சொந்தக் களப்பெயர் என்பது சொந்தம் அன்று. புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய குத்தகை.

அவள் ஒளிக்காமல் சொன்னாள். அம்மா சிறிது நேரம் பேசவில்லை.

“ஒரேடியா எத்தனை வருஷத்துக்குக் கட்ட விடுவாங்க?”

“பேருக்குப் பத்து வருஷம்.”

“பத்து வருஷமா! பட்டா மாதிரியா?”

“பட்டா இல்லம்மா. குத்தகைதான். ஆனா முடியற தேதி முன்னாடியே தெரியும்.”

பெட்டிக்கு ரூபாயில் கட்டத்தக்க, ஐமேப் உள்ள ஒரு சேவையை ஓராண்டுக்கு எடுத்தார்கள். பெயருக்குப் பத்தாண்டுப் பணத்தையும் கட்டினார்கள்; அதில் பாதி, வேலையை விட்ட வீடொன்றிலிருந்து வந்த கடைசிச் சம்பளம். மீட்புக் குறியீடுகளைக் கைப்பேசி எண்ணோடு கட்டிவைக்காமல், தாளில் எழுதி இரண்டு படிகள் எடுத்தாள். ஒன்று ரேஷன் அட்டை இருக்கும் தகரப் பெட்டிக்குள் போயிற்று. மற்றொன்று ஊரிலுள்ள மாமாவுக்குத் தபாலில் சென்றது. உறையின் மேல் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் நரேலா முகவரியை எழுதினாள். அதன் கீழே, முதன்முறையாக, பாட்டியின் பெயர் கொண்ட முகவரியையும் எழுதினாள். குத்தகை முடியும் தேதியை அம்மா சுவர் நாட்காட்டியின் பின்புறத்தில் தம் கையாலேயே குறித்துவைத்தார்.